ஆங்கில மொழிப்பாடத்தில் வாசிப்புப் புரிதலும் தேர்வு உத்திகளும்: அமெரிக்கப் பள்ளிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கப் பள்ளிகளின் ஆங்கில மொழிப்பாடத் தேர்வு, முன்பு படித்திராத ஓர் உரைப்பகுதியை மாணவர் எவ்வாறு புரிந்துகொள்கிறார் என்பதை அளவிட முயல்கிறது. இத்தேர்வை முன்னிட்டுக் கற்பிக்கப்படும் உத்திகள் எவ்விடத்தில் பயன் தருகின்றன, எவ்விடத்தில் கைகொடுக்காமற் போகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வாசிப்புப் புரிதல், தேர்வு உத்தி, முன்னறிவு, எழுத்துணர்தல், சான்று.

முன்னுரை

‘எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது’ என்னும் பொருள்படும் பெயருடைய சட்டம் 2002 சனவரியில் அமெரிக்காவில் கையொப்பமானது. 3 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுதோறும் வாசிப்புத் தேர்வு நடத்துமாறு அது மாநிலங்களைப் பணித்தது. 2015இல் அதற்கு மாற்றாக வந்த சட்டமும் இத்தேர்வு விதியைத் தக்கவைத்தது. பள்ளியின் தரத்தை மதிப்பிடுவதற்கும் இம்மதிப்பெண்கள் அடிப்படையாயின. எனவே, மையக்கருத்தைக் கண்டறிதல், உய்த்துணர்தல் போன்ற பயிற்சிகள் வகுப்பறையில் முதன்மை பெற்றன. எவ்வுரைக்கும் ஒன்றுபோல் பயன்படுத்தத்தக்க பொதுத்திறனே வாசிப்பு என்னும் கருத்து இப்பயிற்சிகளுக்கு அடிப்படையாக உள்ளது. அக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதே இங்கு எழும் வினா.

புரிதலின் கூறுகள்

1986இல் கஃப், டன்மர் ஆகிய இருவரும் வாசிப்புப் புரிதலை ஓர் எளிய வாய்பாடாக முன்வைத்தனர். எழுத்துணர்தலும் மொழிப்புரிதலும் பெருக்கிவரும் விளைவே வாசிப்புப் புரிதல் என்பது அவர்தம் கருத்து. கூட்டல் என்னாது பெருக்கல் என்றமை கருதத்தக்கது. இரண்டனுள் ஒன்று சுழியமானால் விளைவும் சுழியமே. ஒரு மாணவர் தவறான விடை எழுதும்போது, அவரால் சொல்லைப் படிக்க இயலவில்லையா, படித்த சொற்றொடரின் பொருள் விளங்கவில்லையா என்பதை ஆசிரியர் முதலில் பிரித்தறிய வேண்டும். அப்பகுதியை ஆசிரியரே வாய்விட்டுப் படித்துக்காட்டி அதே வினாவைக் கேட்பது இதற்கு எளிய வழியாகும். கேட்டவுடன் மாணவர் சரியான விடை கூறின் குறை பெரும்பாலும் எழுத்துணர்தலில் உள்ளது எனக் கொள்ளலாம்.

கற்பிக்கத்தக்க உத்திகள்

1984இல் பாலின்சர், பிரவுன் ஆகியோர் வெளியிட்ட ‘பரிமாற்றக் கற்பித்தல்’ முறை நான்கு செயல்களைக் கொண்டது: முன்னூகித்தல், வினா எழுப்புதல், ஐயம் தெளிதல், சுருக்கியுரைத்தல். ஆசிரியரும் மாணவரும் மாறிமாறி உரையாடலை வழிநடத்துவர். படிக்கும்போதே தமக்குப் புரிகிறதா எனத் தம்மைத் தாமே கண்காணிக்கும் பழக்கம் இதனால் அமைகிறது.

தேர்வுக்கே உரிய உத்திகள் இவற்றினின்று வேறானவை. அவற்றுள் மூன்று இன்றியமையாதன. முதலாவது, விடைத்தெரிவுகளைப் பார்க்குமுன் வினாவுக்குத் தம் சொற்களில் விடை கூறிப் பார்த்தல். இரண்டாவது, அவ்விடைக்குச் சான்றாகும் தொடரை உரைப்பகுதியில் சுட்டுதல். விடையை முதற்பகுதியிலும் அதற்குரிய சான்றை இரண்டாம் பகுதியிலும் கேட்கும் இருபகுதி வினாக்களுக்கு இப்பழக்கம் பெரிதும் துணைசெய்யும். மூன்றாவது, தவறான தெரிவுகளின் இயல்பை அறிந்து நீக்குதல். உலகியலில் உண்மையாயினும் உரையில் இல்லாதது, உரையில் இருந்தும் கேட்ட வினாவுக்கு விடையாகாதது, உரை கூறியதை மிகைப்படுத்துவது எனத் தவறான தெரிவுகளைப் பகுத்துக் காட்டலாம்.

உத்தியின் எல்லை

இவ்வுத்திகள் அனைத்தையும் அறிந்த மாணவரும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. 1988இல் ரெக்ட், லெஸ்லி ஆகியோர் 64 மாணவர்களை வாசிப்புத்திறன், பேஸ்பால் ஆட்டம் பற்றிய அறிவு ஆகிய இரண்டின் அடிப்படையில் நான்கு குழுக்களாகப் பிரித்தனர். பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு பகுதியை வருணிக்கும் உரையைப் படித்த மாணவர்கள், மாதிரி ஆடுகளத்தில் உருக்களை நகர்த்தி அதனை விளக்கினர், சுருக்கியும் உரைத்தனர். ஆட்டத்தை நன்கறிந்த, வாசிப்பில் பின்தங்கிய மாணவர்கள், ஆட்டம் அறியாத நல்ல வாசகர்களை விஞ்சினர். பொருளறிவு உடையோருள் வாசிப்புத்திறன் வேறுபாடு பெரிய மாற்றத்தை ஏற்படுத்தவில்லை.

இதன் காரணத்தை ஒரு சொல்லால் விளக்கலாம். ‘சாக்ரிஃபைஸ்’ என்பதற்குத் தியாகம் என அகராதிப் பொருள் அறிந்தவர், பேஸ்பால் உரையில் அச்சொல்லைக் கண்டால் திகைப்பார். தாம் ஆட்டமிழந்தேனும் தம் அணியின் ஓட்டக்காரரை அடுத்த தளத்திற்கு முன்னேறச் செய்யும் மட்டையாளரின் செயலை அங்கு அது குறிக்கிறது. உரை இவ்விளக்கத்தைத் தருவதில்லை. வாசகர் அறிந்திருப்பார் எனக் கொண்டே எழுதப்படுகிறது. உரை சொல்லாது விட்டதை நிரப்புவதே உய்த்துணர்தல் எனின், நிரப்புவதற்குரிய பொருள் வாசகரிடம் முன்னரே இருத்தல் வேண்டும். பயிற்சியால் மட்டும் அது வாய்ப்பதில்லை.

கற்பித்தலில் செய்யத்தக்கன

தேர்வு உத்திகளைச் சில வாரங்களில் கற்பித்து முடிக்கலாம். அதனினும் மிகுதியான காலத்தை அறிவியல், வரலாறு, கலை ஆகியவை சார்ந்த தொடர்வாசிப்புக்கு ஒதுக்குதல் தகும். தொடர்பற்ற பத்திகளை நாள்தோறும் மாற்றித் தருவதைவிட, ஒரே பொருள் பற்றிய பல உரைகளைச் சில வாரங்கள் படிக்கச் செய்வது சொல்வளத்தையும் பொருளறிவையும் ஒருசேர வளர்க்கும். மொழிப்பாட நேரத்தைக் கூட்டுவதற்காக அறிவியல், வரலாற்றுப் பாடவேளைகளைக் குறைப்பது வாசிப்புக்கே ஊறு விளைவிக்கும்.

முடிவுரை

உத்தி, மாணவர் அறிந்ததை விடைத்தாளில் பிழையின்றி வெளிப்படுத்த உதவும், அறியாததை அறிந்ததாக்காது. ஒரு பத்தியில் தோற்ற மாணவரை ‘வாசிக்கத் தெரியாதவர்’ எனப் பதிவு செய்யுமுன், அப்பத்தி பேசும் உலகத்தைப் பள்ளி அவருக்கு அறிமுகப்படுத்தியதா என்று வினவுதல் வேண்டும். நூல்களும் பயணங்களும் வீட்டிலேயே வாய்க்கப்பெற்ற குழந்தை அவ்வுலகத்தைப் பள்ளிக்கு வெளியே பெற்றுவிடுகிறது. அவை வாய்க்காத குழந்தைக்குப் பள்ளியே துணை. ஆதலின், பொருளறிவை விரிவாகக் கற்பித்தல் தேர்வில் நேர்மைக்கு வழிகோலும் செயலாகவும் அமைகிறது.