சீட்டை மாட்டினது யாரு பாஸ்?

மதியம் ஒரு மணி. காலேஜ் பக்கத்து மெஸ்ல செம கூட்டம். ‘ரெண்டு பரோட்டா, ஒரு ஆஃப்பாயில்’னு நீங்க சொன்னதும் சப்ளையர் மாஸ்டர் முன்னாடி போய் கைகட்டி நிக்கிறதில்லை. ஒரு துண்டுச் சீட்டுல எழுதி, அடுப்படி ஜன்னல் கம்பியில வரிசையா மாட்டிட்டு அடுத்த டேபிளுக்குப் பறந்துடுறார். மாஸ்டர் ஒவ்வொரு சீட்டா எடுத்து வேலையை முடிக்கிறார். ரெண்டு பேரும் முகம் பார்த்துப் பேசிக்கவே வேண்டாம்!

அந்தக் கம்பிக்கு கம்ப்யூட்டர் உலகத்துல பேர், மெசேஜ் க்யூ. ஆன்லைன்ல நீங்க ஒரு செருப்பு வாங்கினா, ‘பணம் வந்தாச்சு’, ‘குடோன்ல இருந்து எடு’, ‘எஸ்.எம்.எஸ். அனுப்பு’னு சீட்டுகள் இப்படித்தான் ஒரு மெஷின்ல இருந்து இன்னொண்ணுக்குப் போகுது. ஐ.பி.எம். 1993-லேயே இதுக்கு ஒரு சாஃப்ட்வேர் கொண்டுவந்துடுச்சு. அப்பாச்சியோட ‘ஆக்டிவ்எம்க்யூ’, மைக்ரோசாஃப்ட்டோட ‘எம்.எஸ்.எம்.க்யூ’ எல்லாம் அதே ஜாதகம்தான்.

இப்ப ஒரு வில்லங்கமான கேள்வி. தெருவுல போற ஒருத்தர், தானே ஒரு சீட்டு எழுதி அந்தக் கம்பியில மாட்டிட்டா? 2023 அக்டோபர்ல அதுதான் நடந்துச்சு மக்களே!

கேட்காம விட்ட ஒரு கேள்வி

ஆக்டிவ்எம்க்யூ, ஜாவாவுல எழுதின இலவச சாஃப்ட்வேர். சீட்டு வாங்குறதுக்கு 61616-ங்கிற போர்ட்டைத் திறந்து வச்சிருக்கும். ஆர்டர் சீட்டு மட்டும் இல்ல, ‘ஏதோ தப்பு நடந்துடுச்சு’ங்கிற புகார்ச் சீட்டும் அது வழியா வரும். புகார்ச் சீட்டுல ரெண்டு கட்டம். முதல் கட்டத்துல தப்போட பேர், அதாவது ஒரு ஜாவா கிளாஸோட பேர். ரெண்டாவது கட்டத்துல விவரம்.

சாஃப்ட்வேர் என்ன பண்ணும்? முதல் கட்டத்துல இருக்கிற பேரைப் படிச்சு, அந்த கிளாஸ்ல ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்கி, விவரத்தை அதுகிட்ட கொடுத்துடும். ‘இது நிஜமாவே ஒரு தப்போட பேர்தானா?’னு மட்டும் கேட்கவே கேட்காது. மேட்டர் அவ்வளவுதான்!

தாக்க வந்தவங்க முதல் கட்டத்துல, ஸ்ப்ரிங் ஃப்ரேம்வொர்க்குல இருக்கிற ஒரு கிளாஸோட பேரை எழுதினாங்க. ஒரு எக்ஸ்.எம்.எல். ஃபைலைப் படிச்சு, அதுல சொன்னதை அப்படியே செய்யுறதுதான் அதோட வேலை. ரெண்டாவது கட்டத்துல தங்களோட இணைய முகவரி. சர்வர் சமர்த்தா அந்த முகவரிக்குப் போய், ஃபைலை எடுத்துவந்து, அதுல இருந்த கமாண்டை ஓட்டிடுச்சு. யூசர் நேமும் கேட்கல, பாஸ்வேர்டும் கேட்கல. மெஸ் பாஷையில சொன்னா, ‘உப்பு கம்மி’னு எழுத வேண்டிய இடத்துல ‘இந்த அட்ரஸ்ல ஒருத்தர் இருக்கார், கூட்டிட்டு வந்து கல்லாவுல உட்கார வை’னு எழுதியிருக்கு, மாஸ்டரும் கூட்டிட்டு வந்துட்டார்!

இந்த ஓட்டைக்கு சி.வி.இ-2023-46604-னு நம்பர் போட்டாங்க. ஆபத்து மார்க் 10-க்கு 10. நம்ம இன்டர்னல்ஸ்ல கிடைக்காத மார்க்.

ரெண்டே நாள்தான்

அக்டோபர் 25-ம் தேதி அப்பாச்சி, ஓட்டையை அடைச்ச புது வெர்ஷன்களை வெளியிட்டுச்சு. அடைக்கச் சேர்த்தது, வர்ற கிளாஸ் நிஜமாவே தப்பு வகையைச் சேர்ந்ததானு பார்க்கிற சின்ன சோதனை. அதே மாசம் 27-ம் தேதி, ‘ரேப்பிட்7’ங்கிற பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் ரெண்டு பேரோட நெட்வொர்க்ல தாக்குதலைப் பார்த்துடுச்சு. படம் மாதிரி பேர் வச்ச ஃபைல்கள் இறங்கி, ‘ஹலோகிட்டி’ வகை ரான்சம்வேரை ஓட்டப் பார்த்திருக்கு. அதாவது ஃபைல்களைப் பூட்டிட்டு, ‘பணம் கொடு, திறக்கிறேன்’ங்கிற ரகம்.

எப்படி இவ்வளவு சீக்கிரம்? யோசிச்சுப் பாருங்க. கோட் எல்லாருக்கும் திறந்தே இருக்கு. பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா, எந்த இடத்துல ஓட்டை இருந்துச்சுனு புரிஞ்சிடும். மருந்துச் சீட்டே நோயைக் காட்டிக்கொடுத்துடும்! அதனால அப்டேட் வந்த நிமிஷத்துல இருந்து, அதைப் போடாதவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அக்டோபர் 30-ம் தேதி ‘ஷேடோசர்வர்’ அமைப்பு எண்ணிப் பார்த்தப்போ, இணையத்துல வெளியே தெரிஞ்ச 7,249 ஆக்டிவ்எம்க்யூ சர்வர்கள்ல 3,329 பழைய வெர்ஷன்லயே இருந்துச்சு.

தெரியாமலே திறந்த கதவு

‘நான் விண்டோஸ் ஆளு’ங்கிறீங்களா? அங்கேயும் கதை உண்டு. அதே 2023 ஏப்ரல்ல எம்.எஸ்.எம்.க்யூ-வுல ஒரு ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அடைச்சுது. ‘செக் பாயின்ட்’ ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சு வச்ச பேர் ‘க்யூஜம்ப்பர்’. 1801 போர்ட்டுக்கு ஒரே ஒரு பாக்கெட் அனுப்பினா போதும், வெளியாள் தன் கோடை ஓட்டிடலாம். மார்க் 9.8. இணையத்துல அந்த போர்ட் திறந்திருந்த முகவரிகள் 3.6 லட்சத்துக்கும் மேல!

இதுல கொடுமை என்னன்னா, எக்ஸ்சேஞ்ச் சர்வரை இன்ஸ்டால் பண்றப்போ, தேவையானதை எல்லாம் தானா போட்டுக்கோனு ஒரு டிக் அடிச்சா, எம்.எஸ்.எம்.க்யூ-வும் சத்தமில்லாம ஓட ஆரம்பிச்சிடும். தன் வீட்ல இப்படி ஒரு வாசல் இருக்குங்கிறதே நிறைய அட்மின்களுக்குத் தெரியாம இருக்கலாம். தெரியாத வாசலை எப்படிப் பூட்டுறது?

பூட்டிட்டுப் போன திருடன்

க்ளைமாக்ஸ் இனிமேதான். 2025 ஆகஸ்ட்ல ‘ரெட் கேனரி’ நிறுவனம் ஒரு விநோதத்தைச் சொல்லுச்சு. அதே பழைய ஆக்டிவ்எம்க்யூ ஓட்டை வழியா க்ளவுட்ல இருக்கிற லினக்ஸ் மெஷின்களுக்குள்ள புகுந்தவங்க, முதல்ல தாங்க வந்துபோக வேற வழி பண்ணிக்கிட்டாங்க. அப்புறம் அப்பாச்சியோட ஒரிஜினல் ஃபைல்களை டவுன்லோடு பண்ணி, வந்த ஓட்டையைத் தாங்களே அடைச்சுட்டாங்க! வேற திருடன் வரக்கூடாது, ஸ்கேன் பண்ணினாலும் ‘எல்லாம் சரி’னு காட்டணும். வீட்டுக்காரர் ரெண்டு வருஷமா செய்யாத வேலையைத் திருடன் செஞ்சு முடிச்சுட்டான்.

நம்ம கதை என்ன?

இதை எழுதுறதுக்கு நடுவுல ஒரு சந்தேகத்துல என் மினி ப்ராஜெக்ட்டைத் திறந்து பார்த்தேன். சீனியரோட ரெக்கார்டைப் பார்த்து அப்படியே போட்ட பழைய ஆக்டிவ்எம்க்யூ. அட்மின் பேர் ‘அட்மின்’, பாஸ்வேர்டும் ‘அட்மின்’. க்ளவுட் மெஷின்ல 61616 ஊருக்கே திறந்து கிடந்துச்சு. ‘கனெக்ட் ஆகலையே’னு ஒரு நாள் ராத்திரி நானே திறந்துவிட்டதுதான்! வெட்கமா இருந்துச்சு. உடனே அந்த மெஷினை அழிச்சுட்டு முதல்ல இருந்து போட்டேன். வெறும் அப்டேட் மட்டும் போட்டா, ஏற்கெனவே உள்ளே வந்தவனை அது வெளியேத்தாது இல்லையா?

நீங்களும் உடனே பார்க்க வேண்டியது:

* வெர்ஷன் என்ன? 5.15.16, 5.16.7, 5.17.6, 5.18.3 - அந்தந்த வரிசையில இந்த ஓட்டை அடைபட்டது இதுலதான். ஆனா அதோட நிக்காதீங்க, இன்னைக்குக் கிடைக்கிற புதுசையே போடுங்க.

* ஃபயர்வால்ல 61616, 8161 போர்ட்டுகளுக்கு எதிரே 0.0.0.0/0-னு இருந்தா, உங்க வாசல் உலகத்துக்கே திறந்திருக்குனு அர்த்தம். தேவையான மெஷினுக்கு மட்டும் வழி விடுங்க.

* டீஃபால்ட் பாஸ்வேர்டை மாத்துங்க. ஆனா அது மட்டும் காப்பாத்தாது. இந்த ஓட்டைக்கு பாஸ்வேர்டே தேவைப்படல!

* ரூட் யூசர்ல ஓட்டாதீங்க. உள்ளே வந்தவனுக்கு முழு வீட்டுச் சாவியையும் ஏன் கொடுக்கணும்?

* நீங்க எழுதுற கோட்லயும், வெளியே இருந்து வர்ற பேரை வச்சு ஆப்ஜெக்ட் உருவாக்குறதா இருந்தா, எந்தெந்தப் பேருக்கு அனுமதினு ஒரு பட்டியல் வைங்க.

நாளைக்கு நாமளும் ஏதோ ஒரு கம்பெனியில உட்கார்ந்து இந்த மாதிரி கோட் எழுதப் போறோம். அந்த ஒரு கேள்வியைக் கேட்காம விட்டதும் யாரோ நம்மளை மாதிரி ஒரு இன்ஜினீயர்தான். வைவாவுல ‘மெசேஜ் க்யூ-னா என்ன?’னு கேட்டா கடகடனு ஒப்பிச்சிடுவோம். ‘அதுல யார் மெசேஜ் போடலாம்?’னு கேட்டா? இன்னைக்கு ராத்திரி லேப்டாப்பைத் திறந்ததும் அதை முதல்ல பார்த்துடுங்க பாஸ்!