பெல்ட்டோடு வாட்டர் பம்பையும் மாற்றச் சொல்கிறாரா மெக்கானிக்?

வடசென்னை என்றதும் விவசாயிகளுக்கு மணலி உர ஆலை ஞாபகத்துக்கு வரும். வண்டி தெரிந்தவர்களுக்கு எண்ணூர். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கேதான் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. பின்னர் அதுவே அசோக் லேலண்ட் ஆனது. பக்கத்தில் திருவொற்றியூரில் புல்லட் உருவானது. ராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டில் இன்றைக்கும் விசைப்படகு எஞ்சின்கள் பிரித்துப் பூட்டப்படுகின்றன. ஆக, எஞ்சினோடு புழங்கிய மண் இது.

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் பழைய டீசல் கார் வாங்கி ஓட்டும் விவசாயி ஒருவர், டைமிங் பெல்ட் மாற்ற இந்தப் பக்கத்துப் பட்டறைக்குப் போகிறார் என்று வையுங்கள். ‘‘வாட்டர் பம்பையும் சேர்த்து மாத்திடுங்க’’ என்கிறார் மெக்கானிக். பம்ப் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ‘நல்லா இருக்கிற சாமானை எதுக்கு மாத்தணும், பில்லை ஏத்தப் பார்க்கிறாரோ?’ என்ற சந்தேகம் வருவது நியாயம்தான்.

போர்வெல் சொல்லும் பதில்

போர்வெல் மோட்டாரை மேலே தூக்கியவர்களுக்கு இதற்கு விடை தெரியும். ஆள், செயின் பிளாக், ஒரு நாள் வேலை என்று செலவெல்லாம் தூக்குவதற்கும் இறக்குவதற்கும்தான். மேலே வந்த பிறகு கேபிள் ஜாயின்ட்டையும் வால்வையும் பார்க்காமல் இறக்கிவிட்டு, அடுத்த மாதமே மறுபடியும் தூக்க நேர்ந்தால் யாருக்கு நஷ்டம்?

காரிலும் இதே கணக்குதான். டைமிங் பெல்ட்டை எட்டுவதற்கு வெளி பெல்ட்டுகள், மூடிகள், சில வண்டிகளில் எஞ்சின் மவுன்ட் வரை கழற்ற வேண்டும். பல கார்களில் வாட்டர் பம்ப் அந்த பெல்ட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. இன்று பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பம்ப் ஒழுகினால், அத்தனையையும் மறுபடியும் கழற்ற வேண்டும். கூலியும் இன்னொரு முறை.

பம்ப் கெட்டால் எஞ்சினே போகும்

கூலியைவிடப் பெரிய ஆபத்து வேறு. கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். வால்வுகள் நேரத்துக்குத் திறந்து மூடுவது இந்தக் கணக்கில்தான். அதைக் காப்பது டைமிங் பெல்ட். டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால், திறந்து நிற்கும் வால்வில் பிஸ்டன் மோதும். வால்வு வளையும், சில நேரம் பிஸ்டனே உடையும்.

அந்த பெல்ட்டைக் கெடுக்கப் பம்புக்கு மூன்று வழிகள் உண்டு. சீல் கசிந்தால் கூலன்ட் பெல்ட்டில் பட்டு ரப்பர் கெடும். பேரிங் தேய்ந்து புல்லி ஆடினால் பெல்ட் ஒரு பக்கம் விலகி ஓரம் அரையும். பேரிங் இறுகி நின்றுவிட்டால் பெல்ட்டின் பற்கள் சீவப்படும், அல்லது பெல்ட்டே அறுந்துவிடும்.

எல்லா வண்டிக்கும் இல்லை

ரெனோ டஸ்டர் 1.5 டீசல், ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் 1.5 டீசல், ஃபோக்ஸ்வாகன் போலோ 1.5 டீசல் போன்றவற்றில் டைமிங் பெல்ட்டே வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. இவற்றில் மெக்கானிக் சொல்வதைக் கேட்பதே லாபம். பழைய மாருதி எஸ்டீம், ஜிப்ஸியில் பம்பைச் சுற்றுவது வெளி பெல்ட்தான். ஆனாலும் பம்பைக் கழற்ற டைமிங் பெல்ட்டை எடுத்தாக வேண்டும்.

ஸ்விஃப்ட் 1.3 டீசலில் இருப்பது டைமிங் செயின். லாரி, டிராக்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் கியர். இவற்றில் டைமிங் பெல்ட்டே கிடையாது. பம்ப் வெளியே தனியாகக் கழலும் வண்டி என்றால், ஒழுகும்போது மாற்றிக்கொள்ளலாம். அவசரம் இல்லை.

உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது பல பத்தாண்டுப் பிரச்னை. பயிருக்கு ஆகாத தண்ணீர் ரேடியேட்டருக்கும் ஆகாது. உப்பும் சுண்ணாம்பும் படிந்து வழியை அடைக்கும். பம்பின் சீலைத் தேய்க்கும். உள்ளே இருக்கும் உலோகத்தை அரிக்கும். வண்டிக்குச் சொன்ன கூலன்ட்டையே ஊற்றுங்கள். கலக்கும் வகை என்றால், டப்பாவில் போட்டிருக்கும் அளவில் டிஸ்டில்டு வாட்டர் சேருங்கள். இருவேறு கூலன்ட்டுகளை ஒன்றாகக் கலக்க வேண்டாம்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

* பெல்ட்டுக்குக் கிலோமீட்டர், வருடம் என இரண்டு கெடு உண்டு. எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. வண்டி குறைவாக ஓடினாலும் ரப்பருக்கு வயதாகும். உங்கள் மாடலுக்கான கெடு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிக்குப் பெல்ட் மாற்றிய பில் இல்லை என்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.
* பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்ந்த கிட் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பழைய சாமான் கடையில் பம்ப் வாங்காதீர்கள்.
* கழற்றிய பம்பைக் கேட்டு வாங்கி, கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றாலோ, ஆடினாலோ, அடியில் உள்ள சிறு துளையருகே கூலன்ட் காய்ந்த தடம் இருந்தாலோ மாற்றியது சரிதான்.
* புதிய பெல்ட் பூட்டியதும், எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் சேர்கின்றனவா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.
* கூலன்ட் ஊற்றியபின் உள்ளே தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். முதல் சில நாள்கள் எஞ்சின் ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

வேலைக்கு முன்பே, ‘‘இந்த வண்டியில பம்பைச் சுத்துறது டைமிங் பெல்ட்டா, வெளி பெல்ட்டா?’’ என்று கேளுங்கள். டைமிங் பெல்ட் என்றால் இரண்டையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். வெளி பெல்ட் என்றால், பம்பைக் கழற்ற டைமிங் பெல்ட்டை எடுக்க வேண்டுமா என்பதையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.