அரியர் வெச்சா காலேஜை விட்டுத் தூக்கிடுவாங்களா?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் அக்கா, கையில் போனோடு வந்து நின்றார். "தம்பி, பையன காலேஜ்ல இருந்து தூக்கிட்டாங்களாம். நாளைக்குப் போயி டி.சி. வாங்கிட்டு வரேன்றான். இது இன்னான்னு கொஞ்சம் பாருப்பா."

போனில் இருந்தது நோட்டீஸ் போர்டைப் படம் எடுத்தது. ஒரு பட்டியல். பையனின் பதிவு எண்ணுக்கு எதிரே "நாட் எலிஜிபிள்" என்று இருந்தது. கலைக் கல்லூரியில் இரண்டாம் வருடம். ஏற்கெனவே மூணு அரியர். மழைக்காலத்தில் முகத்துவாரம் திறந்து இறால் வரும் நாட்களில் அப்பாவின் படகுக்கு ஆள் இல்லை என்று இவன் போயிருக்கிறான். 90 நாளில் 56 நாள்தான் வருகை.

அந்த ஒரு வார்த்தையை அவன் "உன்னை நீக்கியாச்சு" என்று படித்துவிட்டான். உண்மையில் அதன் அர்த்தம் "இந்த முறை பரீட்சை எழுத முடியாது" என்பது மட்டுமே. இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டமே இருக்கு. அதனால்தான் இந்தக் குறிப்பு.

முதலில் அமெரிக்காவைப் பார்த்துவிடுவோம், ஏன்னா "காலேஜில் இருந்து நீக்கிட்டாங்க" என்பது சினிமாவிலும் செய்தியிலும் அங்கிருந்துதான் அதிகம் வருது. அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 4-க்கு 2.0 என்ற சராசரிக்குக் கீழே போனால் மாணவரை "புரொபேஷன்" என்ற நிலையில் வைப்பார்கள். நம்ம ஊரில் அரசு வேலையில் தகுதிகாண் பருவம் என்கிறோமே, கிட்டத்தட்ட அது. கடிதம் வரும், ஆலோசகரைப் பார்க்கணும், பாடங்களைக் குறைத்து எடுக்கச் சொல்வார்கள். அப்படியும் தேறாவிட்டால் ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ இடைநிறுத்தம். அதற்கும் பிறகுதான் நீக்கம். பெரும்பாலும் மேல்முறையீடும் செய்யலாம்.

இந்தியாவில் இதே மாதிரி கறாரான விதிகள் ஐஐடிகளில் உண்டு. கான்பூர் ஐஐடியில் எச்சரிக்கை, புரொபேஷன், நீக்கம் என்று படிகளே இருக்கு. 2015-ல் ரூர்க்கி ஐஐடி, சராசரி 5-க்குக் கீழே போன முதலாண்டு மாணவர்கள் 70-க்கும் மேற்பட்டோரை ஒரே நேரத்தில் நீக்கியது. உயர் நீதிமன்றம் வரை போனார்கள், அங்கே பலன் கிடைக்கவில்லை. கடைசியில் நிறுவனமே இறங்கி வந்து இன்னொரு வாய்ப்பு கொடுத்தது.

நம்ம மாநிலப் பல்கலைக்கழகங்கள் வேற மாதிரி. இங்கே ஒரு பாடத்தில் தோற்றால் அது அரியர். அரியரைத் தூக்கிக்கொண்டே அடுத்த செமஸ்டர் போகலாம். மூணு அரியர் இருக்கு என்பதற்காக யாரும் யாரையும் வெளியே அனுப்புவதில்லை. ஆனால் ஒரு கால வரம்பு உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் 4 வருட பொறியியல் படிப்பை அதிகபட்சம் 7 வருடத்துக்குள் முடிக்கணும். அதைத் தாண்டியவர்களுக்கும் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு தருவார்கள். 2021-ல் அப்படி ஒன்று வந்தபோது, 2001-02 காலத்து மாணவர்கள் வரை விண்ணப்பிக்க முடிந்தது. இருபது வருட அரியர்! இதையெல்லாம் பார்த்தால் நம்ம முறை ரொம்பத் தாராளம் என்று தோணும்.

மதிப்பெண்ணில் தாராளம்தான். ஆனால் வருகையில் இல்லை. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டு, சென்னைப் பல்கலைக்கழக முறையில் இயங்கும் கலைக் கல்லூரிகளின் வழக்கமான கணக்கைப் பார்ப்போம்.

75 சதவீதம், அதாவது 68 நாள் வந்தால் பிரச்சினையே இல்லை.

65-லிருந்து 75-க்குள், அதாவது 59 முதல் 67 நாள் வரை வந்திருந்தால் "கண்டோனேஷன்". காரணம் எழுதி, கட்டணம் கட்டி, அனுமதி வாங்கிப் பரீட்சை எழுதலாம். இதற்குக் கடைசி தேதி உண்டு, அதைத் தவறவிடக் கூடாது.

50-லிருந்து 65-க்குள், அதாவது 45 முதல் 58 நாள் வரை என்றால் இந்த முறை எழுத முடியாது. ஆனால் அடுத்த செமஸ்டர் வகுப்புக்குப் போகலாம். விட்ட பாடங்களை அடுத்த பரீட்சையோடு சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.

50-க்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்கணும். "ரீடூ" என்பது இதுதான்.

பொறியியலில் நடுவில் அந்த மூணாவது படி கிடையாது. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 65-க்குக் கீழே போனாலே செமஸ்டரைத் திரும்பப் படிக்கணும். 65-லிருந்து 75 வரை மருத்துவச் சான்று மாதிரி ஏற்கத்தக்க காரணம் காட்டணும். தன்னாட்சிக் கல்லூரிகளில் எண்கள் கொஞ்சம் மாறலாம், அதனால் சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இப்போ நம்ம பையனின் கணக்குக்கு வருவோம். 90-ல் 56 என்றால் 62 சதவீதம். மூணாவது படி. ஒரு வருடம்கூட வீணாகவில்லை. அவன் அப்படியே அடுத்த செமஸ்டருக்குப் போய் உட்காரலாம். ஆனால் மறுநாள் போய் டி.சி. வாங்கியிருந்தால் அத்தோடு முடிஞ்சுது. கல்லூரி அவனை நீக்கியிருக்காது, அவனே கையெழுத்துப் போட்டு வெளியே வந்திருப்பான். அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் வரும் மாதம் 1000 ரூபாயும் நின்றிருக்கும்.

நான் கவனித்த வரை, நம்ம ஊர்ப் பிள்ளைகள் படிப்பை விடுவது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் விரட்டுவதில்லை. ஒரு பட்டியலோ ஒரு வார்த்தையோ கண்ணில் படும், வீட்டில் கேட்க ஆள் இருக்காது, ஆபீஸில் போய்க் கேட்கக் கூச்சம். "நமக்கு அவ்ளோதான்" என்று படகில் ஏறிவிடுவார்கள். புரொபேஷன் என்ற பெயர் பயமுறுத்துது, ஆனால் அதில் ஒரு நல்லது இருக்கு: யாராவது ஒருத்தர் மாணவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "நீ இப்போ எந்த இடத்துல நிக்கிற தெரியுமா" என்று சொல்லியே ஆகணும். நம்ம முறையில் தாராளம் இருக்கு, அந்தச் சொல்லுதல் இல்லை.

பழவேற்காடு ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. அது எந்தப் புத்தகத்தையும் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை, எல்லார் வாயிலும் இருக்கும். தன் முறை என்றைக்கு என்று தெரியாத ஆள் அதில் இருக்க மாட்டார். கல்லூரி விதி அச்சில் இருக்கு, ஆனால் யார் வாயிலும் இல்லை.

இதில் மாட்டியவர்களில் ஒரு பெரிய பெயரும் உண்டு. கணித மேதை ராமானுஜன் 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கு தவிர மற்றதைக் கவனிக்காததால் உதவித்தொகை போனது. வீட்டை விட்டுப் போய், திரும்பி வந்து மறுபடி சேர்ந்தபோது, 1905-ல் வருகை போதவில்லை என்று பருவச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அவருக்கும் அட்டெண்டன்ஸ் லேக்! அடுத்த வருடம் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்பினார். 1907 டிசம்பரில் தனித் தேர்வராக எஃப்.ஏ. எழுதி அதிலும் தோற்றார். அவருக்குப் பட்டம் கிடைத்தது 1916-ல், கேம்பிரிட்ஜில். எல்லாரும் ராமானுஜன் இல்லைதான். ஆனால் வருகைப் பட்டியல் ஒருவருடைய வருகையை மட்டும்தான் சொல்லும், வேற எதையும் சொல்லாது.

கடைசியாக மூணு விஷயம். பட்டியலில் பெயர் வந்தால் முதலில் துறைத் தலைவரிடம் "சார், நான் எந்தப் படியில இருக்கேன்" என்று கேளுங்க. கண்டோனேஷன் தேதியைக் குறித்து வையுங்க. கோபத்திலோ வெட்கத்திலோ டி.சி. மட்டும் வாங்காதீங்க, அதுக்கு அவசரமே இல்லை.

அக்காவுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது பையன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். உள்ளே வரவில்லை. மறுநாள் காலையில் பாலத்துப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தேன். "டி.சி.க்கா?" என்றேன்.

"இல்லண்ணா, எச்.ஓ.டி.ய பாக்க. அடுத்த செமஸ்டருக்கு 68 நாள், அவ்ளோதான?"

அவ்ளோதான்.