வெளிநாட்டில் மருந்தகவியல் கற்கப் போகுமுன்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி, "இங்கே இடம் கிடைக்காவிட்டால் வெளிநாட்டுக்கு அனுப்புவோமா?" என்பதே. காணியை ஈடுவைத்தும் நகையை அடகுவைத்தும் பிள்ளையை அனுப்பிய பெற்றோரை நாம் அறிவோம். மருந்தாளராக விரும்பும் பிள்ளைக்குக் கல்லூரி தேடுவோர், பணம் கட்டுமுன் நான்கு விடயங்களை விசாரித்தறிதல் நன்று.

முதலாவது, பட்டத்தின் பெயர். மருந்தகவியல் வேறு, மருந்து விஞ்ஞானம் வேறு. பிரித்தானியாவில் எம்.பாம். என்னும் நான்கு வருடப் பட்டத்தையும், ஒரு வருடப் பயிற்சியையும், பதிவுப் பரீட்சையையும் முடித்தவரே மருந்தாளராகப் பதிவு பெறலாம். மருந்து விஞ்ஞானத்தில் பெறும் பி.எஸ்சி. பட்டம் ஆய்வுகூட வேலைக்கு உதவும். மருந்தாளர் பதிவுக்கு உதவாது. அமெரிக்காவில் பாம்.டி. பட்டமே தேவை, அதற்குப் பொதுவாக ஆறு வருடங்கள் செல்லும். இந்தியாவில் பி.பாம். நான்கு வருடம், பாம்.டி. ஆறு வருடம்.

இரண்டாவது, அங்கீகாரம். கல்லூரிக்கு நற்பெயர் இருந்தால் மட்டும் போதாது. குறித்த கற்கைநெறியை அந்நாட்டு மருந்தாளர் கல்விக்குப் பொறுப்பான சபை ஏற்றிருக்க வேண்டும். இந்தியாவில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மருந்தகவியல் சபையே அப்பொறுப்பை வகிக்கிறது.

மூன்றாவது, கல்லூரியின் தன்மை. மருந்தகவியலுக்கென்றே தொடங்கிய கல்லூரிகள் உண்டு. பிலடெல்பியாவில் 1821இலும் இலண்டனில் 1842இலும் அத்தகையவை தோன்றின. இவ்வாறான இடங்களில் ஆசிரியர், ஆய்வுகூடம், வைத்தியசாலைப் பயிற்சி யாவும் ஒரே நோக்குடன் அமையும். ஆனால் பிள்ளையின் மனம் மாறினால், மாறிச் செல்ல வேறு துறைகள் அங்கே குறைவு. மேலும், இத்தகைய கல்லூரிகள் பெரிய பல்கலைக்கழகங்களுடன் இணைவதுமுண்டு. இலண்டன் கல்லூரி 2012இலும் பிலடெல்பியாக் கல்லூரி 2022இலும் அவ்வாறு இணைந்தன. ஆகவே பட்டச் சான்றிதழை வழங்கப்போவது யார் என்பதையும் கேட்டறிய வேண்டும்.

நான்காவது, திரும்பிவருதல். வெளிநாட்டுப் பட்டம் கையில் இருந்தால் மட்டும் இங்கே மருந்தாளராகிவிட முடியாது. இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற வேண்டும். கல்லூரியின் பெயரையும் பட்டத்தின் பெயரையும் குறிப்பிட்டு, இப்பட்டம் பதிவுக்கு ஏற்றதா, மேலதிகப் பரீட்சை உண்டா என அச்சபைக்கு எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை, முகவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் காணி உறுதியைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.