ஒரு சங்கத்தையே திருட முடியுமா?

பணம் திருடு போனால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம். ஒரு தொழிற்சங்கமே திருடு போனா எங்கே போறது?

'தி ஐரிஷ்மேன்' படம் பார்த்திருந்தா, ஜிம்மி ஹோஃபாவோட மல்லுக்கு நிக்கிற டோனி ப்ரோ உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆள் நிஜம். பெயர் ஆன்டனி ப்ரோவென்சானோ. நியூயார்க்கின் ஜெனோவீஸ் மாஃபியா குடும்பத்தில் முக்கியப் புள்ளி. அதே சமயம் நியூ ஜெர்சியில் லாரி டிரைவர்கள் சங்கத்தின் தலைவர். 'டீம்ஸ்டர்ஸ்' என்ற தேசிய சங்கத்தின் கிளை அது. அங்கே கிளையை 'லோக்கல்' என்பார்கள். இதன் எண் 560.

மாஃபியாவுக்கு சங்கம் எதுக்கு?

ஒரு லாரி கம்பெனிக்கு வண்டி ஒரு நாள் நின்னாலே நஷ்டம். ஸ்ட்ரைக் பண்ணும் உரிமை தொழிலாளிக்குப் பேரம் பேசும் பலம். அந்த பலம் தலைவரோட தனிச் சொத்தானா? "ஸ்ட்ரைக் வராம பாத்துக்கறேன், மாசாமாசம் என்னை கவனிச்சுடு"ன்னு முதலாளிகிட்டயே வித்துடலாம். இப்படி ஒரு லாரி கம்பெனியை மிரட்டிப் பணம் வாங்கிய வழக்கில் 1963-ல் ப்ரோவென்சானோவுக்குத் தண்டனை கிடைத்தது.

எதிர்த்தவர்கள் என்ன ஆனார்கள்?

சங்கத்துக்குள்ளேயே அவருக்குப் போட்டியாக வளர்ந்தவர் ஆன்டனி காஸ்டெலிட்டோ. 1961-ல் காணாமல் போனார். உடல் கிடைக்கவே இல்லை. 1963-ல் வால்டர் க்ளாக்னர் என்ற டிரைவர் சங்கக் கூட்டத்தில் எழுந்து எதிர்த்துப் பேசினார். மறுநாள் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதுக்கப்புறம் துப்பாக்கிக்கே பெரிசா வேலை இல்லை. அடுத்த கூட்டத்தில் கை தூக்கும் முன் நீங்க யோசிப்பீங்கதானே?

ப்ரோவென்சானோ ஜெயிலுக்குப் போனார். பதவிகள் அவருடைய தம்பிகள் கைக்குப் போனது. சட்டம் விதித்த தடைக்காலம் முடிந்ததும் 1975-ல் திரும்பி வந்தார். காஸ்டெலிட்டோ கொலைக்காக 1978-ல் ஆயுள் தண்டனை விழுந்தது. அப்பவும் சங்கம் அதே கூட்டத்திடம்தான் இருந்தது. ஒரு ஆளை உள்ளே தள்ளுவது போதாது என்பது அப்போதுதான் அரசுக்கு உறைத்தது.

கோர்ட் கண்டுபிடித்த வழி

1970-ல் வந்த 'ரிக்கோ' சட்டத்தை வைத்து 1982-ல் அரசு ஒரு சிவில் வழக்கு போட்டது. 1984-ல் நீதிபதி ஹெரால்ட் ஆக்கர்மன் தந்த தீர்ப்பில் ஒரு அழகான வாதம் இருக்கு. சங்கத்தில் பேசுவதும் ஓட்டுப் போடுவதும் உறுப்பினரின் உரிமை. அந்த உரிமையும் ஒரு சொத்துதான். பயமுறுத்தி அதைப் பிடுங்கினால் அதுவும் மிரட்டிப் பறித்தல்தான்.

அப்பீல்கள் முடிந்து 1986-ல் நிர்வாகக் குழு மொத்தமும் நீக்கப்பட்டது. கோர்ட் நியமித்த அறங்காவலர் பொறுப்பேற்றார். அமெரிக்காவில் இப்படி ஒரு சங்கம் ரிக்கோ சட்டத்தின் கீழ் கோர்ட் மேற்பார்வைக்கு வந்தது அதுவே முதல் முறை.

சுபம் போட்டுடலாமா? இன்னும் இல்லை. 1988-ல் தேர்தல் நடந்தது. பழைய நிர்வாகத்தில் இருந்த மைக்கேல் சியாராவைப் போட்டியிடக் கூடாது என்று கோர்ட் தடுத்திருந்தது. அவருடைய சகோதரர் டேனி நின்றார், ஜெயித்தார். பல வருஷப் பயமும் பழக்கமும் ஒரே ஓட்டுப்பெட்டியில் கரைந்துவிடாது. கோர்ட் மேற்பார்வை முடிய 1999 வரை ஆனது.

"யூனியன்னாலே ரவுடித்தனம்" என்று நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் யாராவது உங்களிடம் சொல்லலாம். அப்போ இந்த ரெண்டு பேரை நினைச்சுக்கோங்க. காஸ்டெலிட்டோவும் சங்கத்துக்காரர், க்ளாக்னரும் சங்கத்துக்காரர். அங்கே கொள்ளை போனதே சங்கம்தான். எந்தச் சங்கமா இருந்தாலும், நம்ம காலேஜ் அசோசியேஷனா இருந்தாலும், தேர்தல் நடக்குதான்னு மட்டும் பார்க்காதீங்க. எதிர்த்துப் பேசினவர் மறுநாளும் நிம்மதியா வந்து உட்கார முடியுதான்னு பாருங்க.