மெசினுக்கு விசா தேவையில்லை

உலகமயமாதல் என்ற சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். மேடையில் பேசுபவர்கள் சொல்கிறார்கள், செய்திகளில் வருகிறது. கேட்கும்போது பெரிய படிப்புப் படித்தவர்களின் விடயம் போல இருக்கும். நான் ஓ.எல். உடன் பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கு விளங்கிய அளவில் அந்தச் சொல்லின் பொருள் முழுவதும் ஒரு கைத்தொலைபேசித் தொழிற்சாலையின் கதைக்குள் இருக்கிறது. ஜேர்மனிக்குப் புதிதாக வந்து வேலை தேடத் தொடங்கியிருக்கும் எமது குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

ரூர் பிரதேசத்தில் போகும் என்றொரு நகரம் இருக்கிறது. டொச் உச்சரிப்பு சற்று வேறு, ஆனால் எமது ஆட்களின் வாயில் அது "போகும்" தான். பெயருக்கேற்றபடி அங்கிருந்து ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. முதலில் நிலக்கரிச் சுரங்கங்கள் போயின. பழைய சுரங்கமொன்று இருந்த நிலத்தில் 1962 இல் ஓப்பல் கார்த் தொழிற்சாலை வந்தது. 2014 டிசம்பரில் அதுவும் மூடப்பட்டது. இதற்கிடையில் நடந்ததுதான் நோக்கியாவின் கதை.

பின்லாந்து நாட்டுக் கொம்பனியான நோக்கியாவுக்கு, போகும் நகரில் வேலைவாய்ப்பைக் காப்பதற்காக, மாநில அரசும் மத்திய அரசும் 90 களில் கொடுத்த உதவித் தொகை இன்றைய கணக்கில் சுமார் 88 மில்லியன் யூரோ. அரசாங்கம் கொடுத்தது என்றால் யார் கொடுத்தது? மாதாமாதம் சம்பளத்தில் வரி வெட்டப்படுகிறதே, அந்தத் தொழிலாளி கொடுத்தது. வேலையிடங்களை 2006 வரை வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2008 ஜனவரி 15 ஆம் திகதி, தொழிற்சாலையை மூடப்போகிறோம் என்று கொம்பனி அறிவித்தது. நட்டமா? முந்திய வருடம், 2007 இல், நோக்கியாவின் இலாபம் சுமார் 7.2 பில்லியன் யூரோ! ஜேர்மனியில் கூலி அதிகம், ருமேனியாவுக்குப் போகிறோம் என்றார்கள்.

நிரந்தரத் தொழிலாளர்கள் 2,300 பேர். ஏஜென்சி மூலம் வந்தவர்கள் மேலும் ஓராயிரம் அளவில். ஊரே திரண்டது, சுமார் 15,000 பேர் ஊர்வலம் போனார்கள். அமைச்சரொருவர் தன் நோக்கியாத் தொலைபேசியைக் கைவிடுவதாக அறிவித்தார். (அதனால் யாருக்கும் ஒரு நாள் வேலைகூடத் திரும்பக் கிடைக்கவில்லை.) முடிவில் நிரந்தரத் தொழிலாளர்களின் நட்டஈட்டுக்கென 200 மில்லியன் யூரோ ஒதுக்கப்பட்டது. அதுவும் தொழிற்சங்கம் விடாமல் நின்றதால் வந்தது. ஏஜென்சி ஆட்கள் சட்டப்படி ஏஜென்சியின் ஆட்கள்தானே, அவர்களுடைய பெயர் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. 2008 நடுப்பகுதியில் கதவு பூட்டப்பட்டது.

"ருமேனியாக்காரன் எங்கள் வேலையைப் பறித்தான்" என்று அப்போது பேசியவர்கள் பலர். ஆனால் குளூஜ் நகருக்கு அருகே திறந்த அந்தப் புதிய தொழிற்சாலை நான்கு வருடம்கூட ஓடவில்லை. 2011 இல் அதையும் மூடுவதாக அறிவித்தார்கள், அங்கே சுமார் 2,200 பேர் நடுத்தெருவில் நின்றார்கள். உற்பத்தி ஆசியாவுக்குப் போனது. ஆசியாவில் எங்கே என்று பார்த்தால், நோக்கியா தொழிற்சாலைகளில் ஒன்று சென்னைக்குப் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூரில்! 2006 இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், பலர் கிராமங்களிலிருந்து வந்த இளம் பிள்ளைகள். பிறகு வரித் தகராறு வந்தது, கைத்தொலைபேசி வியாபாரத்தை மைக்ரோசொப்ட் வாங்கியபோது அந்தத் தொழிற்சாலை வெளியே விடப்பட்டது. 2014 நவம்பர் 1 ஆம் திகதி அங்கும் வேலை நின்றது. இப்போது சொல்லுங்கள், போகும் தொழிலாளியின் வேலையைப் பறித்தது ருமேனியாக்காரனா, ஸ்ரீபெரும்புதூர்ப் பிள்ளையா?

மெசினுக்கு விசா தேவையில்லை. காசுக்கும் தேவையில்லை. எந்த எல்லையும் அவற்றை மறிப்பதில்லை. நாம் ஒவ்வொரு எல்லையிலும் என்ன பாடுபட்டு வந்தோம் என்பதை வாசகர்களுக்கு நான் எழுதத் தேவையில்லை.

தொழிற்சாலை போனபின் தொழிலாளிக்கு மிஞ்சுவது சோசல். அங்கும் கை வைத்தார்கள். வெளிநாட்டுப் போட்டிக்கு ஈடுகொடுக்க வேண்டும், செலவைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி 2003 இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின் ஒரு பகுதியாக, 2005 ஜனவரியில் ஹார்ட்ஸ் 4 சட்டம் வந்தது. அதற்கு முன்பு நீண்டகாலம் வேலையில்லாமல் இருந்தவருக்கும் பழைய சம்பளத்தை வைத்து உதவி கணக்கிடப்பட்டது. பிறகு இருபது வருடம் உழைத்தவருக்கும் ஒரு நாளும் உழைக்காதவருக்கும் ஒரே தொகை. தனி ஆளுக்கு மேற்கில் 345 யூரோ, வாடகை வேறாக. 2023 இல் பெயரை மாற்றினார்கள், 2024 இல் தொகை 563 ஆனது. ஏஜென்சி வேலைக்கு இருந்த கட்டுப்பாடுகளும் அதே காலத்தில்தான் தளர்த்தப்பட்டன.

அகதிகளின் கதை இன்னும் மோசம். 1993 இல் சட்டம் போட்டு 440 மார்க் என்று வைத்த தொகை, 224 யூரோ 97 சதமாக 2012 வரை அப்படியே கிடந்தது. பாணும் பாலும் விலை ஏறின, அது ஏறவில்லை! 2012 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் அது மனிதர் வாழப் போதாது என்று தீர்ப்புச் சொன்ன பிறகே கூடியது.

நான் ஏஜென்சி மூலம் வேலை செய்த உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில், ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு மெசின்களைக் கழற்றி லொறியில் ஏற்றினார்கள். போலந்துக்கு என்றார்கள். அடுத்த கிழமை ஏஜென்சி ஆட்கள் பதினொரு பேருக்குக் கடிதம் வந்தது. அதில் எமது ஆட்கள் மூவர். கூட இருந்த அண்ணை ஒருவர், "தம்பி, காசு கேட்டுப் போகாதை. பிறகு விசா புதுப்பிக்கேக்க பிரச்சினை வரும்" என்றார். ஆறு வருடம் வேலை செய்தவர் அவர்! கேட்காமலே இரண்டு மாதம் கடன் வாங்கிச் சாப்பிட்டார்.

இந்தப் பயம் எம்மில் பலருக்கு உண்டு, ஆகையால் விளக்கமாக எழுதுகிறேன். வேலையற்றோர் காப்புறுதிப் பணம் வேறு, ஜொப்சென்டர் கொடுக்கும் உதவி வேறு. முதலாவதுக்கு உங்கள் சம்பளத்திலிருந்தே மாதாமாதம் வெட்டியிருக்கிறார்கள், சம்பளத் துண்டை எடுத்துப் பாருங்கள். கடைசி 30 மாதத்தில் 12 மாதம் காப்புறுதி கட்டியிருந்தால் அது உங்கள் உரிமை. கையில் வரும் சம்பளத்தின் 60 வீதம், பிள்ளை இருந்தால் 67 வீதம். கட்டிய காசிலிருந்து வரும் இந்தப் பணத்தை விசாச் சட்டம் அரச உதவியாகக் கணக்கெடுப்பதில்லை. ஜொப்சென்டர் உதவிதான் நிரந்தர விசாவுக்கும் பிரஜாவுரிமைக்கும் இடைஞ்சலாக வரக்கூடியது.

வேலைநீக்கக் கடிதம் கிடைத்தால் மூன்று நாட்களுக்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியுங்கள். பிந்தினால் ஒரு கிழமைப் பணம் போய்விடும். "நானே சம்மதித்து விலகுகிறேன்" என்று எழுதிய தாளை நீட்டினால் அந்த இடத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். பன்னிரண்டு கிழமை வரை பணத்தை நிறுத்த அது போதும். நீக்கியது நியாயமில்லை என்று நினைத்தால் தொழில் நீதிமன்றத்துக்குப் போகலாம், அதற்குத் தவணை கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று கிழமை. டொச் தெரியாதென்று கடிதத்தை மேசை இலாச்சிக்குள் வைத்துவிட்டு, டொச் படிக்கும் பிள்ளை பள்ளி விடுமுறையில் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த மூன்று கிழமை முடிந்துவிடும். தொழிற்சங்கத்தில் சேர்ந்து முதல் மூன்று மாதம் கடந்தவர்களுக்குச் சங்கமே வழக்கறிஞரைப் பிடித்துக் கொடுக்கும். ஐஜி மெட்டலில் சந்தா சம்பளத்தின் ஒரு வீதம்.