ராட்சசனைப் பார்த்துச் சிரிக்கலாமா?

சயந்தனி தாஸ்குப்தாவின் ‘தி சர்பென்ட்ஸ் சீக்ரெட்’ (2018) நாவலில், நியூ ஜெர்சியில் சிறு கடை நடத்தும் வங்காளத் தம்பதியின் மகள் கிரண்மாலா. அவளுடைய பன்னிரண்டாவது பிறந்தநாளன்று பெற்றோர் மாயமாகிறார்கள். எச்சில் ஒழுக ஒரு ராட்சசன் சமையலறைக்குள் புகுந்து, எதுகை மோனையோடு பேசிக்கொண்டே அவளைத் தின்னப் பார்க்கிறான். பதின்வயதின் வாசலில் நிற்கும் ஒருத்தி அப்படித்தான் ராட்சச வேட்டைக்கு இறங்குகிறாள். கதை முழுக்கக் கேலியும் கிண்டலும்தான். ஆனால் அந்தச் சிரிப்பை வெறும் மேல்பூச்சு என்று தள்ளிவிட முடியாது. ‘ராட்சசன் என்பவன் யார்?’ என்ற கனமான கேள்வியைச் சிறுவர்களிடம் கேட்க அதுவே வழி செய்கிறது.

பயந்தவர் கண்ணுக்கு எல்லா ராட்சசர்களும் ஒன்றுதான்: ஓட வேண்டும், இல்லையேல் வெட்ட வேண்டும். சிரிக்க முடிந்தவருக்கோ எதிரே நிற்பவரைச் சற்று நின்று கவனிக்க அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசத்தில்தான் நாவல் தன் வேலையைச் செய்கிறது. கிரண்மாலாவோடு சேர்ந்து போராடும் இளவரசன் நீல், ஒரு ராட்சசி ராணியின் மகன். கதையின் பெரிய வில்லனான பாம்புகளின் அரசன்தான் தன்னைப் பெற்றவன், கடைக்காரத் தம்பதி வளர்த்தவர்களே என்று பிறகு கிரண்மாலாவே அறிகிறாள். வேட்டைக்காரியின் உடம்பிலும் எதிரியின் இரத்தம் ஓடுகிறது என்றால், பிறப்பைப் பார்த்து எவரையும் ராட்சசர் என்று ஒதுக்க முடியாது. நிறத்தாலும் பெயராலும் பள்ளியில் அந்நியமாக உணரும் புலம்பெயர் குடும்பத்துப் பிள்ளைக்கு இது வெறும் கற்பனை நியாயம் அல்ல.

நாவலுக்கு மூலமான வங்காளப் பாட்டி கதைகளை அமெரிக்கச் சந்தைக்காக நீர்த்துப்போகச் செய்துவிட்டார்கள் என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். மூலத்தைப் புரட்டினால் அந்த வாதம் நிற்காது. தட்சிணரஞ்சன் மித்ர மஜும்தார் 1907-இல் தொகுத்து, தாகூர் முன்னுரை எழுதிய வங்காள நாட்டார் கதைத் தொகுப்பான ‘தாகுர்மார் ஜுலி’யிலேயே மனித ராணியின் மகனும் ராட்சசி ராணியின் மகனும் பாசமுள்ள சகோதரர்கள். கல்லாகிப்போன அண்ணன்மாரை மீட்கும் தங்கை கிரண்மாலாவும் அங்கிருந்து வந்தவள்தான். மனித வாடை பட்டதும் சந்தத்தோடு உளறுகிற ராட்சசர்களும் வங்காளக் குழந்தைகளுக்குப் பழக்கமானவர்களே. ஆக, வீரப் பெண்ணும் வேடிக்கை ராட்சசனும் அமெரிக்கச் சரக்கல்ல. காணாமல்போன பெற்றோரைத் தேடும் மகளின் தவிப்பையும் பள்ளிக்கூடச் சங்கடங்களையும் ஆசிரியர் அந்த மரபோடு சேர்த்திருக்கிறார்.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது: கொடுமையைக் கேலியாக்கினால் அதன் கனம் குறைந்துவிடாதா? குறையக்கூடும். ஒவ்வொரு ஆபத்தும் ஒரு நகைச்சுவையில் முடியும் என்று தெரிந்துவிட்டால், வாசகர் எதற்கும் பதற மாட்டார். இந்த நாவலும் சில இடங்களில் அந்தப் பள்ளத்தில் கால் வைக்கிறது. என்றாலும் பெற்றோரின் இழப்பை அது கேலிக்கு உள்ளாக்குவதில்லை. நீல் தன் தாயை நினைத்துப் படும் சங்கடத்தையும் மழுப்புவதில்லை. எதைக் கண்டு சிரிக்கலாம், எதைக் கண்டு சிரிக்கக் கூடாது என்ற அந்தக் கோட்டை எழுத்தாளர் அறிந்திருக்கிறாரா என்பதே இவ்வகை நாவல்களுக்கான உரைகல். அதில் தேறிய புத்தகத்தை, ‘விளையாட்டுப் புத்தகம்’ என்று பெரியவர்கள் அலமாரியின் அடித்தட்டில் தள்ள வேண்டியதில்லை.